சால்டரிங்: எலக்ட்ரானிக் போர்டு செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் கிட் வாங்கிப் போர்டு செய்பவர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள், சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என்று பலரும் சால்டரிங் பற்றி, அதாவது உருகிய உலோகக் கலவையால் பாகங்களைப் போர்டில் இணைப்பது பற்றி, என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கலவைதான் சால்டர், பேச்சில் அதை ஈயம் என்போம். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர் போர்டுகள் செய்வது என் தொழில். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

சால்டர் பண்ணும்போது உண்மையில் என்ன நடக்கிறது? ஈயம் பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறதா?

இல்லை. பசை மேலே உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சால்டரில் இருக்கும் வெள்ளீயமோ செம்போடு கலந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு புதிய உலோகப் படலத்தை உண்டாக்குகிறது. சில மைக்ரான் கனம்கூட இருக்காது. ஆனால் அந்தப் படலம் உருவானால்தான் அது ஜாயின்ட். உருவாகாவிட்டால் ஈயம் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரைப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளைப் பாத்திரத்தை முதலில் தேய்த்துச் சுத்தம் செய்வார். உலையில் வைத்து நன்றாகச் சூடாக்குவார். நவச்சாரப் பொடியைத் தூவுவார், வெள்ளையாகப் புகை எழும். அப்புறம்தான் ஈயத்துண்டை உள்ளே ஓர் இழுப்பு இழுத்து, துணியால் ஒரு சுற்றுச் சுற்றித் தேய்ப்பார். பாத்திரம் முழுக்க வெள்ளி மாதிரி படர்ந்துவிடும். அவர் ஈயத்தைத் தனியாக உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். சூடு பாத்திரத்துக்குப் போனது. பாத்திரத்தின் சூட்டில் ஈயம் உருகிப் பரவியது. நவச்சாரம் ஆக்சைடு அழுக்கைத் தின்று வழிவிட்டது.

போர்டில் நாம் செய்வதும் இதே வேலைதான். நவச்சாரத்துக்குப் பதில் ரோசின் என்ற பிசின், உலைக்குப் பதில் சால்டரிங் அயர்ன். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே இருக்கும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கடையில் 'லெட்' என்று கேட்டால் ஒரு சுருள் தருகிறார்கள். அது முழுக்க லெட், அதாவது காரீயம்தானா?

பெயர்தான் லெட். உள்ளே பாதிக்கு மேல் வெள்ளீயம். 60/40 என்று போட்டிருந்தால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி வேண்டும், காரீயத்துக்கு 327 வேண்டும். இரண்டையும் 63க்கு 37 என்ற அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. தனித்தனியாக இருந்ததைவிடச் சேர்ந்தபின் சீக்கிரம் இளகுகிறது.

பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு அந்த வெள்ளீயம்தான். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ரசம் வற்றினாலோ, வெறும் சொம்பை அடுப்பில் வைத்தாலோ 232ஐத் தாண்டிச் சொம்பே வழிந்துவிடும்.

60/40, 63/37 இரண்டில் எது? விலை கொஞ்சம் கூடினாலும் 63/37 வாங்குங்கள். அது 183இல் சட்டென்று உருகி, அதே 183இல் சட்டென்று இறுகும். 60/40 இறுகும்போது நடுவில் சில டிகிரிகளுக்குக் கூழ் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் ஜாயின்ட் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்குக் கை ஆடத்தான் செய்யும்.

கனம்: 22 கேஜ், அதாவது 0.7 மில்லிமீட்டர் அளவு, போர்டு வேலைக்குச் சரி. 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர் வரும். அதைச் சின்ன பேடில் (பாகத்தின் கால் ஒட்டும் செம்புத் திட்டு) தொட்டாலே தேவைக்கு மேல் கொட்டிவிடும். நடுவில் ரோசின் உள்ள சுருளாகப் பார்த்து வாங்குங்கள்.

லெட்-ஃப்ரீ சால்டரில்தான் பழக வேண்டுமா?

பழகுவதற்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான எலக்ட்ரானிக் பொருள்களில் காரீயத்தை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. அதன்பிறகு உலகெங்கும் தொழிற்சாலைகள் மாறிவிட்டன. பரவலாகப் பயன்படும் கலவை வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5. இது உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். செம்பில் பரவுவதிலும் சற்றுச் சோம்பல். அயர்னின் முனையான பிட் வேகமாகத் தேயும்.

விற்பனைக்குச் செய்கிறீர்கள், அல்லது குழந்தைகள் கையாளும் பொருள் என்றால் லெட்-ஃப்ரீக்குப் போகத்தான் வேண்டும். பிட்டை 350 முதல் 380 வரை வையுங்கள். இறுகிய பின் மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். அது அந்தக் கலவையின் இயல்பு. மங்கலாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி சூடாக்கிப் பேடைப் பிய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வாட் அயர்ன் வாங்குவது? வாட் அதிகமானால் ஐசி போய்விடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. விஷயம் நேர் எதிர்.

பிளக்கில் நேரடியாகச் செருகும் 25 வாட் அயர்னுக்குச் சூட்டுக் கட்டுப்பாடு கிடையாது. ஸ்டாண்டில் சும்மா இருக்கும்போது ஏறிக்கொண்டே போய் 400 டிகிரியைக்கூடத் தாண்டலாம். ஆனால் ரிலேயின் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மின்சுவிட்ச்) தடித்த காலில் வைத்ததும் சூடு சரசரவென்று இறங்கிவிடும், திரும்ப ஏற்ற அதனிடம் தெம்பு இல்லை. நீங்கள் பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று அழுத்திப் பிடிப்பீர்கள். அதற்குள் சூடு கால்வழியாக ஏறிப் பாகத்துக்குள் போய்விடும். சூட்டைக் கட்டுப்படுத்தும் 60 வாட் ஸ்டேஷனில் 330 என்று வைத்தால் அது 330ஐத் தாண்டாது, இறங்கினால் உடனே ஏற்றும். இரண்டு மூன்று விநாடியில் வேலை முடிந்துவிடும். பாகத்தைக் காப்பாற்றுவது குறைந்த வாட் இல்லை, குறைந்த நேரம்.

கையில் காசு இல்லை என்றால் 25 வாட் அயர்னிலேயே தொடங்கலாம். ரெசிஸ்டர், ஐசி சாக்கெட், டிரான்சிஸ்டர் எல்லாம் தாராளமாக வைக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அடுத்து சேர்க்கும் பணத்தில் மல்டிமீட்டருக்கு அப்புறம் ஸ்டேஷன்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் பிட்டின் வடிவம். ஸ்டேஷனோடு பெரும்பாலும் ஊசிமுனை பிட்டைத்தான் கொடுக்கிறார்கள். சின்ன வேலைக்குச் சின்ன முனை என்று நினைக்கத் தோன்றும். ஊசிமுனை ஒரு புள்ளியில்தான் தொடும், சூடு போக வழியே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவப் பிட்டை வாங்கி மாட்டுங்கள். அதன் தட்டைப் பக்கத்தைச் சாய்த்தால் பேடையும் காலையும் ஒரே சமயத்தில் தொடலாம்.

பிட் கறுத்துப்போய் ஈயமே ஒட்டமாட்டேன் என்கிறது. உப்புத்தாளில் தேய்க்கலாமா?

முதலில் எந்தப் பிட் என்று பாருங்கள். பழைய வகை வெறும் செம்புப் பிட் என்றால் அரத்தால் ராவலாம். செம்பு ஈயத்தில் கரைந்துகொண்டே வருவதால் குழி விழும், ராவித்தான் ஆக வேண்டும். ராவிய உடனே, சூடேறும்போதே, ஈயம் பூசிவிடுங்கள்.

ஸ்டேஷன் பிட் அப்படியில்லை. செம்பின் மேல் இரும்பு முலாம் பூசியது. ஒருமுறை உப்புத்தாள் போட்டால் முலாம் போய்விடும், சில நாளில் உள்ளிருக்கும் செம்பைச் சால்டர் தின்றுவிடும். கறுத்த பிட்டைப் பித்தளைச் சுருள்நாரில் குத்திக் குத்தி எடுங்கள். நிறைய புது ஈயம் விடுங்கள், மறுபடி நாரில் துடையுங்கள். நாலைந்து முறையில் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

கறுக்காமல் வைத்துக்கொள்ள ஒரே பழக்கம் போதும். ஸ்டாண்டில் வைக்கும் முன் பிட்டைத் துடைக்காதீர்கள். ஈயம் பூசியபடியே வையுங்கள். துடைப்பது எடுக்கும்போது. ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஈரம் மட்டும் இருக்க வேண்டும். சொட்டச் சொட்ட இருந்தால் ஒவ்வொரு முறையும் பிட் வெடுக்கென்று குளிர்ந்து முலாம் வெடிக்கும்.

சின்ன டப்பாவில் வரும் சால்டரிங் பேஸ்ட் தேவையா?

சுருளிலேயே ரோசின் இருக்கிறது. புதிய போர்டு, புதிய பாகம் என்றால் அது போதும். பழைய, களிம்பேறிய கால்களுக்கும், எஸ்எம்டி (துளையில்லாமல் போர்டின் மேலேயே ஒட்டும் வகை) ஐசிக்கும், பழுதுபார்க்கும் வேலைக்கும் தனி பிளக்ஸ், அதாவது ஆக்சைடு அழுக்கை நீக்கும் பொருள், வேண்டும்.

ஆனால் எந்த பிளக்ஸ் என்பதில் கவனம் தேவை. தகரவேலை, குழாய்வேலைக்கான பேஸ்ட்டில் துத்தநாகக் குளோரைடு மாதிரி அமிலத்தன்மை உள்ள உப்புகள் இருக்கும். எதிலும் ஈயம் அழகாக ஒட்டும், அதனால் கடையில் சிலர் அதையே தொடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து போர்டின் செம்புக் கோடான டிராக்கில் பச்சை பூத்திருக்கும். தட்டார் தங்கம் பற்றவைக்க வெண்காரம் வைப்பார், ஈயம் பூசுபவர் நவச்சாரம் போடுவார், இரண்டும் அவரவர் வேலைக்குச் சரி. எலக்ட்ரானிக் போர்டுக்கு ரோசின் வகை, அல்லது 'நோ-கிளீன்' என்று எழுதிய பிளக்ஸ். டப்பாவில் ஒன்றுமே எழுதவில்லை என்றால் போர்டில் தொடாதீர்கள்.

சரி, ஒரு ஜாயின்ட் வைப்பது எப்படி? ஒவ்வொரு அசைவாகச் சொல்ல முடியுமா?

ஒரு கால்வாட் ரெசிஸ்டரை எடுத்துக்கொள்வோம். காலைத் துளையில் விட்டு, பின்பக்கம் லேசாக விரித்து வளையுங்கள், விழாமல் இருக்கத்தான். போர்டைத் திருப்பி ஆடாமல் பிடிக்கும்படி வையுங்கள். ஒரு கையில் அயர்ன், மறு கையில் சுருள்.

பிட்டை நாரில் துடைத்து, நுனியில் துளியூண்டு ஈயம் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துளி ஜாயின்ட்டுக்காக இல்லை, சூடு கடக்கப் பாலம். இப்போது பிட்டின் தட்டைப் பக்கம் பேடையும் காலையும் ஒன்றாகத் தொடும்படி வையுங்கள். 'ஒன்று' என்று மனதில் எண்ணுங்கள். அடுத்து சுருளைப் பிட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, காலும் பேடும் சேரும் மூலையில் நீட்டுங்கள். பிட்டில் தொடாதீர்கள். உலோகம் தயார் என்றால் சுருள் தானாக இளகும். ரோசின் மெல்லப் பொரியும், ஈயம் காலைச் சுற்றிக்கொண்டு பிட்டை நோக்கி ஓடிவரும். அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேட் முழுக்க நனைந்ததும் முதலில் சுருளை எடுங்கள், அரை விநாடி விட்டு அயர்னைக் கால்வழியே மேல்நோக்கி எடுங்கள். இறுகும்வரை ஊதக்கூடாது, ஆட்டக்கூடாது. மொத்தம் மூன்று விநாடி.

பலரும் செய்வது என்ன? பிட்டின் மேல் ஈயத்தை உருட்டி எடுத்துவந்து பேடில் தடவுகிறார்கள். வழியிலேயே ரோசின் எரிந்து புகையாகப் போய்விடுகிறது. பேட் குளிர்ந்தே கிடக்கிறது. ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கிறது.

நல்ல ஜாயின்ட்டுக்கு அடையாளம் என்ன?

பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். ஈயம் பேடின் விளிம்புவரை மெல்லிதாகப் படிந்து முடிய வேண்டும். கம்பத்தின் அடியில் மண்ணைக் குவித்தால் இருக்குமே, அப்படி உள்வாங்கிய சரிவாகக் காலில் ஏற வேண்டும். காலின் வடிவம் ஈயத்துக்குள் தெரிய வேண்டும். உருண்டையாகப் புடைத்து, அடியில் உள்மடிந்து நின்றால் அது ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் டிராக் உள்ள போர்டில் துளைக்குள்ளும் ஈயம் ஏறியிருக்க வேண்டும். தொழிற்சாலைகள் பின்பற்றும் ஐபிசி-ஏ-610 தரநிலை, பொதுவாகத் துளை உயரத்தில் 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது.

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு போர்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்துகொடுத்த கன்ட்ரோலர் ஒன்று திரும்பி வந்தது. காலையில் மோட்டார் ஓடுகிறது, மத்தியானம் ரிலே 'டிக் டிக்' என்று அடித்து நின்றுவிடுகிறது. என் மேசையில் வைத்தால் ஒரு குறையும் இல்லை. கெப்பாசிட்டரை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், மறுபடி திரும்பி வந்தது. கடைசியில் பென்சிலின் மொட்டை முனையால் ஒவ்வொரு பாகமாகத் தட்டிக்கொண்டே வந்தேன். ரிலேயைத் தட்டியதும் விட்டு விட்டு அடித்தது. பூதக்கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தால், ரிலேயின் காயில் காலைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி மாதிரி ஒரு வட்டக்கோடு. அந்தத் தடித்த காலுக்குப் போதிய சூடு கொடுக்காமல் எடுத்திருக்கிறேன். ரிலே அடிக்கும் ஒவ்வொரு அதிர்விலும், வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் ஒவ்வொரு நாளிலும் அந்த இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிளக்ஸ் வைத்து, புது ஈயம் விட்டேன். அத்தோடு சரியானது.

அன்றிலிருந்து டிரான்ஸ்பார்மர், ரிலே, டெர்மினல் மாதிரி கனமான பாகங்களின் கால்களை மட்டும் தனியாகக் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகே போர்டை வெளியே விடுகிறேன். பழைய போர்டு பழுதுபார்க்க வந்தால் நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

எல்லாக் கால்களும் ஒட்டுகின்றன, கிரவுண்டு கால் மட்டும் ஒட்டமாட்டேன் என்கிறது. ஏன்?

அந்தக் கால் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கிறது. நீங்கள் தரும் சூட்டையெல்லாம் அது இழுத்துப் பரப்பிவிடுகிறது. போர்டு வரைபவர்கள் இதற்காகவே பேடைச் சுற்றி நான்கு மெல்லிய கைகள் மட்டும் விட்டு மீதியை வெட்டிவிடுவார்கள். அப்படி விடாத போர்டு கையில் வந்தால் அகலமான பிட்டுக்கு மாறுங்கள், பிளக்ஸ் தடவுங்கள், ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) இருந்தால் போர்டை அடியிலிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். 450 டிகிரிக்கு ஏற்றுவது வழியல்ல. ரோசின் கருகும், பேட் தூக்கிக்கொள்ளும்.

எந்தப் பாகத்தை முதலில் வைக்க வேண்டும்?

குள்ளமானது முதலில். ஜம்பர், ரெசிஸ்டர், டயோடு, ஐசி சாக்கெட், அப்புறம் டிரான்சிஸ்டர், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், கடைசியில் ரிலேயும் டெர்மினலும். போர்டைக் கவிழ்த்தால் பாகம் மேசையில் அழுந்தி நிற்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வரிசை. எலக்ட்ரோலிட்டிக்கிலும் எல்இடியிலும் நீளக் கால்தான் பிளஸ். எஸ்எம்டி டான்டலம் கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் பிளஸ், வட்டமான எஸ்எம்டி எலக்ட்ரோலிட்டிக்கில் கறுப்புப் பக்கம் மைனஸ். இது பலரை ஏமாற்றும்.

எஸ்எம்டி பாகங்களைக் கையால் வைக்க முடியுமா? மெஷின் வேண்டாமா?

முடியும். 0805 அளவு, அதாவது 2 மில்லிமீட்டருக்கு 1.25 மில்லிமீட்டர், ஒரு மாலை நேரப் பயிற்சியில் கைக்கு வந்துவிடும். இரண்டு பேடில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் ஈயம் வையுங்கள். ட்வீசரால் பாகத்தைப் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கியபடியே பக்கவாட்டில் தள்ளி உள்ளே விடுங்கள். அயர்னை எடுத்து, இறுகிய பின் ட்வீசரை எடுங்கள். கோணலாக இருந்தால் இப்போதே உருக்கிச் சரிசெய்யலாம், இன்னொரு பக்கம் இன்னும் ஒட்டவில்லை அல்லவா? அப்புறம் மறுபக்கம் வையுங்கள், கடைசியில் முதல் பக்கத்துக்குப் புது ஈயம் ஒரு தொடுதல்.

நிறைய கால்கள் உள்ள ஐசிக்கு எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை ஒட்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கால் வரிசை முழுக்கத் தாராளமாக பிளக்ஸ் தடவுங்கள். பிட்டில் கொஞ்சம் ஈயம் எடுத்து வரிசை நெடுக மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். பிளக்ஸ் இருக்கும்போது ஈயம் செம்பைத்தான் தேடிப் போகும், இடையில் உள்ள பச்சைப் பூச்சில் நிற்காது. முதல் தடவை பார்க்கும்போது மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். இரண்டு கால் சேர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மறுபடி பிளக்ஸ் வைத்து, பிட்டைத் துடைத்துவிட்டு இழுத்தால் மிச்ச ஈயம் பிட்டுக்கு வந்துவிடும்.

சால்டர் பேஸ்ட், ஹாட் பிளேட் முறையில் செய்யலாமா?

சால்டர் பேஸ்ட் என்பது சால்டர் பொடியும் பிளக்ஸும் கலந்தது, மேலே சொன்ன சால்டரிங் பேஸ்ட் வேறு. பத்துப் பதினைந்து போர்டு ஒரே மாதிரி செய்யும்போது லாபம். ஸ்டென்சில் (பேட் இருக்கும் இடங்களில் துளையிட்ட தகடு) வழியாகப் பேஸ்ட் தேய்த்து, பாகங்களை அடுக்கி, 150 முதல் 180 வரை நிதானமாகச் சூடாக்கி, பிறகு உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். 63/37 பேஸ்ட்டுக்கு உச்சம் 210 முதல் 220, லெட்-ஃப்ரீக்கு 235 முதல் 250. உருகிய நிலையில் சுமார் ஒரு நிமிடம் போதும். பாகத்தின் ஒரு பக்கம் முன்னதாக உருகினால் அந்த இழுப்பிலேயே சின்னப் பாகம் நிமிர்ந்து நின்றுவிடும், கல்லறைக்கல் மாதிரி. சூடு சீராக ஏறினால் இது வராது.

பேஸ்ட்டைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், ஆனால் சாப்பாட்டு ஃப்ரிட்ஜில் வேண்டாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் ஈரம் கோத்து, உருகும்போது பொரிந்து உருண்டைகளாகத் தெறிக்கும். சமையலுக்குப் புழங்கும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது.

தப்பாக வைத்த பாகத்தை எடுப்பது எப்படி?

முதலில் புது ஈயம் கொஞ்சம் விடுங்கள். எடுக்க வந்த இடத்தில் எதற்கு மேலும் ஈயம் என்று தோன்றும். பழைய ஈயம் வறண்டு போயிருக்கும், புதியது கலந்தால்தான் இளகி ஓடும். பிறகு பம்ப் வைத்து உறிஞ்சுங்கள். மிச்சத்துக்குச் செம்புப் பின்னல் விக். விக்கைப் பேடின் மேல் வைத்து, அதன் மேல் அயர்னை வைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். விக்கை மட்டும் இழுத்தால் பேடும் கூடவே வரும்.

ஐசி எப்படியும் போய்விட்டது என்றால் கால்களை ஒவ்வொன்றாக வெட்டி உடலை எடுத்துவிட்டு, கால்களைத் தனித்தனியாக உருவுங்கள். ஐசியைப் புதிதாக வாங்கலாம், பிய்ந்த பேடை வாங்க முடியாது.

புகையில் ஈயம் இருக்குமா? உடம்புக்குக் கெடுதியா?

காரீயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். 350இல் அது ஆவியாவது என்று ஒன்றுமில்லை. நீங்கள் பார்க்கும் புகை ரோசின். அதற்காக அது நல்லது என்று நினைக்க வேண்டாம். தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரவைக்கும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். முகத்தை ஜாயின்ட்டுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். சின்ன ஃபேன் ஒன்றைப் புகையை அந்தப்பக்கம் இழுக்கும்படி வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

காரீயம் கைவழியாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. கடைகளில் சுருளைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம். அதே மேசையில் டீயும் வடையும் வேண்டாம். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மேசையைக் கூட்டித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சின்னக் குழந்தைகள் தவழும் தரையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், அவர்களுக்குத்தான் காரீயத்தால் பாதிப்பு அதிகம்.

முடித்த பின் போர்டைக் கழுவ வேண்டுமா?

நன்றாக வெந்த ரோசின் தானாக ஒன்றும் செய்யாது. ஆனால் என் போர்டில் தொட்டித் தண்ணீரைத் தொடும் புரோப் வயர்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் ஓடுவது மிகச் சின்னக் கரண்ட். மழைக்காலக் காற்றில் பிளக்ஸ் மிச்சம் ஈரம் குடித்து, அதன் வழியே கசிவு ஓடினால் தொட்டி காலியாக இருக்கும்போதே 'நிரம்பிவிட்டது' என்று போர்டு நினைத்துவிடும். அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்து அந்தப் பகுதியைக் கட்டாயம் கழுவுகிறேன். தேய்த்துவிட்டு அப்படியே விட்டால் பிசுபிசுப்பு பரவத்தான் செய்யும். கரைந்ததைத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். பக்கத்தில் அயர்ன் அணைந்திருக்க வேண்டும், அது எரியக்கூடிய திரவம்.

அயர்னால் தொட்டால் போர்டில் லேசாக ஷாக் அடிக்கிறது.

எர்த் இல்லை. இரண்டு பின் பிளக் உள்ள அயர்னோ, எர்த் வராத சாக்கெட்டோ இருக்கும். அந்தக் கசிவே மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரைக் கொல்லப் போதும். மூன்று பின் அயர்ன், எர்த் உறுதியான சாக்கெட், இவை வேண்டும், போர்டுக்கு வரும் சப்ளையையும் துண்டித்திருக்க வேண்டும்.

மோட்டார் கரண்ட் போகும் டிராக்கின் மேல் ஈயத்தைக் கனமாக ஓட்டினால் போதுமா?

ஓரளவுக்குத்தான். ஈயக்கலவையின் மின்தடை செம்பைவிட எட்டு ஒன்பது மடங்கு அதிகம். மலைபோல் குவித்தாலும் பெரிய பயன் இல்லை. டிராக்கின் மேல் ஒரு செம்புக் கம்பியைப் படுக்கவைத்து, அதைச் சேர்த்து ஈயம் ஓட்டுங்கள்.

வயர் நுனி பிரிந்து நிற்கிறது. ஈயம் தோய்த்து ஸ்க்ரூ டெர்மினலில் முறுக்கலாமா?

பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் செய்யாதீர்கள். ஈயம் மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக அது நசுங்கி விலகும். இன்று இறுக்கியது சில மாதத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்ச்சி, கடைசியில் டெர்மினலின் பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகும். நுனியில் ஃபெருல் என்ற சின்ன உலோகக் குழாய் போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள். அது கையில் இல்லை என்றால் இழைகளை வெறுமனே இறுக முறுக்கி டெர்மினலில் விட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். மோட்டார் ஒரு வாரம் ஓடிய பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்க்ரூவை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.